மேசையின் நடுப்பலகை

இன்று மத்தியானம் அலுமாரிக்குப் பின்னால் கையை விட்டு நீர் தந்த சாப்பாட்டு மேசையை நீட்டப் போடும் நடுப்பலகையை இழுத்தெடுத்தேன். ஒட்டடையோடு மர எண்ணெய் மணமும் சேர்ந்து வந்தது. டென்மார்க்கின் பிராண்டேயில் நாம் இருவரும் வேலை செய்த தளபாடத் தொழிற்சாலையின் மணம் அது. உமது மேற்சட்டையில் எப்போதும் இருக்கும். பலகையைச் சுவரில் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் கட்டிலில் இருந்துவிட்டேன்.

“இஞ்சேருங்கோ, பலகையைக் கண்டனீங்களோ, இல்லாட்டி அதுக்குப் பின்னால நித்திரையோ?” என்று மனைவி குசினியில் இருந்து குரல் கொடுத்தாள். இன்று எங்கள் வீட்டுக்கு வரும் ஆட்கள் அதிகம்.

உம்மை ‘நீர்’ என்று எழுதுகிறேன். எங்கள் யாழ்ப்பாணத்துத் தமிழில் ‘நீ’க்கும் ‘நீங்கள்’க்கும் நடுவில் அப்படியொரு வசதியான சொல் இருக்கிறது. மரியாதையும் கெடாது, நட்பும் விலகாது. நாம் உடைந்த ஆங்கிலத்தில் கதைத்த காலத்தில் இந்தப் பிரச்சினையே வரவில்லை. நீர் உயிரோடு இருந்தாலும் இந்த மடலை வாசித்திருக்க மாட்டீர் என்பதும் எனக்குத் தெரியும். அமெரிக்காவில் பிறந்து, ஒரு டெனிஷ்காரியின் பின்னால் வந்து, மணம் முடித்து, விவாகரத்தும் எடுத்து, பிள்ளைகளுக்காக இங்கேயே தங்கிவிட்ட உமக்குத் தெரிந்த தமிழ் ஒரே ஒரு சொல்தான்.

அதையும் முதலில் பிழையாகத்தான் விளங்கிக்கொண்டீர். தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையின் காசுபோடும் தொலைபேசியில் நான் வைலே நகரில் இருந்த மைத்துனரோடு கதைத்துக்கொண்டிருந்தேன். கொழும்பில் இருந்து என் மனைவியின் விசாவைப் பற்றி ஏதும் செய்தி வந்ததா என்று அவரிடம்தான் கேட்பேன். அவர் சொல்லச் சொல்ல நான், “ஓம்... ஓம்... ஓம்...” என்று கேட்டுக்கொண்டு நின்றேன். இளமையில் தலைமயிர் வளர்த்து, சம்மணமிட்டுத் தியானம் பழகின ஆள் நீர். அதற்குப் பிறகு சில நாட்கள் என் பக்கத்தில் இருந்து சாப்பிடுமுன் கண்ணை மூடினீர். ஒருநாள் மெல்லக் கேட்டும் விட்டீர்: “எவ்வளவு காலமாத் தியானம் செய்யிறீர்?” எங்கள் ஊரில் அதற்கு ‘சரி’ என்றுதான் பொருள் என்று நான் சொன்னதும் நீர் சிரித்த சிரிப்பில் மேசையெல்லாம் கோப்பி ஊற்றுண்டது. உம்முடைய ஆங்கிலத்தை என் நினைவு என் ஊர்த் தமிழில்தான் வைத்திருக்கிறது. குறை நினைக்காதேயும்.

இரண்டாவது பிழை என்னுடையது. வெளிநாட்டில் இருப்பவர் மனைவி மக்களை விசா எடுத்துத் தன்னிடம் வரவழைப்பதை நாங்கள் ‘கூப்பிடுவது’ என்போம். அதை அப்படியே ஆங்கிலமாக்கி, “மனைவியைக் கூப்பிட்டேன், இன்னும் வரவில்லை” என்று உம்மிடம் சொன்னேன். நீர் என் தோளில் கையைப் போட்டு, “அவ வராட்டிலும் வாழ்க்கை முடிஞ்சு போகேல்லை. என்னைப் பாரும்,” என்றீர். எனக்கு ஏறிய கோபம் கொஞ்சமில்லை. “அவ மாட்டன் எண்டு சொல்லேல்லை! இந்த நாட்டு அரசாங்கம் விடுகுதில்லை!” என்று கத்தினேன். சாப்பாட்டு அறையே திரும்பிப் பார்த்தது.

எங்கள் தமிழ்க் குடும்பங்களின் விசாக் கோப்புகள் டெனிஷ் நீதி அமைச்சின் மேலிடத்தில் வேண்டுமென்றே கிடப்பில் போடப்பட்டிருந்தன என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. அது பின்னால் தமிழர் வழக்கு என்று பெயரெடுத்து, ஒரு அரசாங்கத்தையே விழுத்தியது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், ஊரில் சண்டை நடக்கிறது, என் மனைவியும் நான் இன்னும் தூக்கிப் பார்க்காத மகளும் அதற்குள் இருக்கிறார்கள் என்பதுதான். என் கவலையை மறக்கடித்துப் பராக்காட்டத்தான் நீர் உமது வீட்டுக் கதையைத் தொடங்கியிருப்பீர்.

அமெரிக்காவையே நீர் சாப்பாட்டு மேசையை வைத்துத்தான் சொன்னீர். உமது சின்ன வயதில் அப்பா கரண்டியைத் தொடும்வரை யாரும் தொடக்கூடாதாம். “எங்கட வீட்டிலயும் உப்பிடித்தான். அம்மா எங்களோட இருந்து சாப்பிடவே மாட்டா,” என்றேன். பிறகு தொலைக்காட்சி வந்ததாம். ஒருவரையொருவர் பார்த்துச் சாப்பிட்டவர்கள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு எல்லோரும் ஒரு பக்கம் பார்க்கத் தொடங்கினார்களாம். பிறகு அம்மா வேலைக்குப் போனார். அக்கா அமெரிக்காவின் மேற்குக் கரைக்குப் போனார். அப்பா வேறு வீட்டுக்கே போய்விட்டார். அவருக்குப் புது மனைவி, அந்த மனைவிக்கு முன்னமே பிள்ளைகள்.

“நன்றி சொல்லும் பண்டிகைக்கு எல்லாரும் அம்மாவிட்டைத்தான் வருவினம். அப்பாவும், அவற்ரை புது மனுசியும், அந்தப் பிள்ளையளும்,” என்றீர்.

“உங்கட அம்மா என்ன செய்வா?”

“மேசைக்கு நடுவில இன்னொரு பலகையைப் போடுவா.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, அருவருப்பும் வந்தது. குடும்பம் குலைந்துபோன கதையை இந்த மனிதன் மேசை பெருத்த கதையாக அல்லவா சொல்கிறான் என்று நினைத்தேன். “எங்கட ஆக்களுக்குள்ள உதெல்லாம் நடக்காது,” என்றேன். நீர் வாதாடவில்லை. “நடக்காட்டில் நல்லது,” என்றுவிட்டுப் பாண் துண்டைக் கடித்தீர்.

ஒருநாள் அதே தொலைபேசியில் நான், “ஓம்... ஓம்... ஓம்!” என்றேன். மூன்றாவதிலேயே நீர் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பிவிட்டீர். விசா கிடைத்த ‘ஓம்’ எப்படி இருக்கும் என்று நான் உமக்குச் சொல்லித்தரவே இல்லை.

உமது பழைய காரில்தான் தலைநகரின் கஸ்ட்ரப் விமான நிலையத்துக்குப் போனோம். கடலுக்கு மேலால் இன்றுள்ள பெரிய பாலம் அப்போது இல்லை, காரைக் கப்பலில் ஏற்றிக் கடல் கடந்தோம். கண்ணாடிக் கதவு திறந்து மனைவியும் மகளும் வெளியே வந்தார்கள். மகள் என்னைப் பார்த்துவிட்டுத் தாயின் சேலைக்குள் ஒளித்தாள். அதுகூட அன்று எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. ஒளிப்பதற்கென்றாலும் பிள்ளை என் கண்முன்னால் நின்றாளே!

அடுத்த கிழமை இந்த மேசையைக் கொண்டுவந்து இறக்கினீர். “மூண்டு பேருக்கு உவ்வளவு பெரிய மேசையோ?” என்றாள் மனைவி. அதனால்தான் நடுப்பலகை அலுமாரிக்குப் பின்னால் போனது. முதல் விருந்தில் அவள் பரிமாறிக்கொண்டே நின்றாள். நீர் கரண்டியை நேரே நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, அவளும் வந்து கதிரையில் அமரும்வரை சோற்றைத் தொடமாட்டேன் என்று அடம்பிடித்தீர். சோறு ஆறுகிறதே என்று வெட்கத்தோடு கதிரையில் இருந்தாள். அன்று இருந்தவள் அதற்குப் பிறகு ஒருநாளும் நின்று சாப்பிடவில்லை.

போன மாரிகாலத்தில் உமது சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். எனக்கு முன்னால் பிடித்தவர் உமது பழைய மனைவியின் இப்போதைய கணவர். அவர் அழுதுகொண்டே நடந்தார். எங்கள் ஆட்களுக்குள் நடக்காது என்று நான் சொன்னது அதற்கு முன்னமே என் வீட்டில் நடந்துவிட்டிருந்தது. மகளும் மருமகனும் பிரிந்துவிட்டார்கள். மனைவி அழுது தீர்த்தாள். நான் கலியாண வீடுகளுக்குப் போவதை விட்டேன். பிரிந்தது பெரியவர்கள், பேத்திக்கல்லவா இரண்டு வீடு, இரண்டு பிறந்தநாள். ஒன்றில் தாய் இருக்கமாட்டாள், மற்றதில் தகப்பன் இருக்கமாட்டான். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க எனக்கு ஏலாமல் இருந்தது.

போன கிழமை மகள் தொலைபேசி எடுத்தாள். வழக்கமாக டெனிஷ் கலந்து கதைப்பவள், அன்று முழுத் தமிழில் கதைத்தாள். பயந்துபோயிருக்கிறாள் என்று அதிலேயே விளங்கியது.

“அப்பா, இந்தமுறை பிறந்தநாளுக்கு நாங்கள் ரண்டு பேரும் ஒரு மேசையில இருந்தாத்தான் பிள்ளை கேக் வெட்டுவாளாம். உங்கட வீட்டில வைப்பமோ? அவரையும் கூப்பிடட்டோ?”

கூப்பிடுவது. எத்தனை காலத்துக்குப் பிறகு அந்தச் சொல் என்னிடம் திரும்பி வந்தது!

“ஓம்,” என்றேன். “நீ விடு பிள்ளை, நானே கூப்பிடுறன்.”

கூப்பிட்டேன். மறுமுனையில் மருமகன், “பாப்பம் மாமா,” என்று மட்டும் சொன்னார். அந்தப் ‘பாப்பம்’ ஒரு கிழமை என்னைப் படுத்திய பாடு! பழைய காத்திருப்பு முழுவதும் திரும்பி வந்து நெஞ்சில் குந்திவிட்டது. இன்று பலகையைப் போட்டு, கதிரைகளை அடுக்கி, பத்துத் தரம் யன்னலால் எட்டிப் பார்த்தேன்.

மணி அடித்தது. மழையில் நனைந்த பரிசுப் பொதியோடு மருமகன் வாசலில் நின்றார். “நான் பிள்ளையைப் பாத்திட்டுப் போறன், மாமா,” என்றார். சப்பாத்தைக் கழற்றவில்லை.

“சப்பாத்தைக் கழட்டும் தம்பி. உமக்குக் கதிரை போட்டிருக்கு.”

கழற்றினார். உமது பலகைக்கு நேரே இருந்தார். மகள் அவருக்குத் தண்ணீர் ஊற்றினாள். பேத்தி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கத்தியை எடுத்தாள். நான் குசினிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

எல்லோரும் போய்விட்டார்கள். பலகையை நான் கழற்றவில்லை. இவ்வளவும் எழுதியது உமக்கு ஒரு செய்தி சொல்லத்தான்: கூப்பிட்டேன், வந்துவிட்டார்.