முட்டியின் வெளிப்பக்கம்

கோபித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனவருக்கு,

என்னை ஓடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். எரிச்சலாக வருகிறது. மூன்று கிலோமீட்டர் தாண்டினாலே வலது முட்டியின் வெளிப்பக்கம் ஊசி குத்துகிறது. மாடிப்படி இறங்க முடியவில்லை. ஐஸ், தைலம், முட்டி உறை, எதற்கும் மசியவில்லை.

பிசியோ அம்மா அழுத்திப் பார்த்தார். "எதுவும் கிழியலைம்மா. இடுப்புலேர்ந்து முட்டி வரைக்கும் வெளிப்பக்கமா ஒரு பட்டை போகுது. அளவுக்கு மீறி ஓடி அதைப் புண்ணாக்கிட்டீங்க. தினம் எவ்வளவு?"

"முன்னெல்லாம் நாலு கிலோமீட்டர். இந்த மாசம் தினமும் பதினாறு."

"திடீர்னு ஏன்?"

"போட்டி வருது," என்றேன். ஒரு போட்டியும் இல்லை. பூட்டிய வீட்டுக்குத் திரும்ப மனம் வரவில்லை.

ஆறு வாரம் ஓய்வாம். ஒருக்களித்துப் படுத்து, மேல் காலை நீட்டித் தூக்கி இறக்க வேண்டுமாம். இடுப்பு வலுத்தால்தான் முட்டி தேறுமாம். சுவரைப் பார்த்துக்கொண்டு செய்கிறேன். இந்தப் பக்கம் திரும்பினால் உங்கள் தலையணை.

அன்று நீங்கள் பேச ஆரம்பித்ததும் ஷூவை மாட்டிக்கொண்டு நான் ஓடப் போனது தப்புதான். இனி நினைத்தாலும் ஓட முடியாது. வாருங்கள், மீதியைப் பேசி முடியுங்கள்.

இப்படிக்கு,
வீட்டிலேயே இருக்கும்
உங்கள் வீட்டுக்காரி