பல் கூசும் சத்தம்

ஜூன் 3, செவ்வாய்

கேசவின் புது ஆல்பம் வேலைக்காக என் கைக்கு வந்துவிட்டது. பெயர் ‘சிக்னல் ஃப்ரீ’. பெங்களூர் டிராஃபிக்கில் இருந்துகொண்டு இப்படிப் பெயர் வைக்க ஒரு தைரியம் வேண்டும். பத்து டிராக். பாடுகிறவர் யாரும் இல்லை, எல்லாமே எலக்ட்ரானிக், எல்லாமே ஓட்டம். இரண்டாவது டிராக்கிலேயே என் கால் தானாக ஆட ஆரம்பித்தது. பேஸின் கீழ்ச்சத்தத்தில் எங்கள் ஜீவனஹள்ளி வீட்டு ஜன்னல் கம்பி அதிர்ந்தது.

ஆனால் ஏதோ சரியில்லை. ஹை-ஹாட் எங்கே? டிரம்ஸ் தாளத்தின் அந்த ‘ட்ஸ் ட்ஸ்’ இல்லாமல் இவன் ஒரு டிராக்கும் போட்டதில்லை. கம்பளி போர்த்திக்கொண்டு கேட்பது போல இருக்கிறது. திரையில் பார்த்தால் கீச்சென்ற மேல் ஒலிகள் எல்லாம் இருப்பதாகத்தான் கோடு காட்டுகிறது. திரையை நம்புவதா, காதை நம்புவதா? பதினாறு வருடமாக நான் சோறு தின்பது காதால்தான்.

வெளியாகும் முன் கடைசியாக ஒலியைச் சரிசெய்கிற மாஸ்டரிங் வேலை என்னுடையது. எனக்கு மட்டும் ஒரு மட்டமான காப்பியை அனுப்பிவிட்டு, நல்லதை வேறு யாருக்காவது கொடுக்கிறானா?

ஜூன் 4

போன் செய்தேன். “ஏன்டா, ஹை-ஹாட்டை எல்லாம் எங்க ஒளிச்சு வெச்சிருக்க?”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், “இருக்கே இளவேனில். நீ எப்பவும் போல பண்ணி அனுப்பு” என்றான்.

அந்தக் கொஞ்ச நேரம் எதற்கு? பதினைந்து வருடப் பழக்கத்தில் அவன் யோசித்துப் பேசி நான் பார்த்ததில்லை.

ஜூன் 7

மேல் ஒலியை நானே நன்றாக ஏற்றினேன். இப்போதுதான் உயிர் வந்தது. ஒன்பதாவது டிராக்குக்கு எழுந்து நின்று ஆடியே விட்டேன்.

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் வைட்ஃபீல்டு ஆபீசிலிருந்து வந்தார். ஷூவைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். “என்னம்மா இது, பல்லு கூசுது.”

சிவசங்கரனுக்குச் சினிமாப் பாட்டைத் தவிர எல்லாமே கூசும். ஆபீஸ் வண்டியில் இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்ட கோபத்தை என் வேலைமேல் காட்டுகிறார்.

ஜூன் 8

அனுப்பிவிட்டேன். பதிலுக்கு ஒரே ஒரு கட்டைவிரல். முன்பெல்லாம் பத்து வரி எழுதுவான்.

ஜூன் 20, வெள்ளி

ஆல்பம் வெளியாகிவிட்டது. அது நான் செய்தது இல்லை.

முதல் டிராக்கிலேயே தெரிந்துவிட்டது. மறுபடி அதே கம்பளி. நான் அனுப்பியதையும் இதையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். யாரோ மேல் ஒலியை மட்டும் அளந்து குறைத்திருக்கிறார்கள். போன வருடத்து ஆல்பத்தை எடுத்தேன். அதிலும் அப்படியே. ‘மாஸ்டரிங்: இளவேனில்’ என்று மட்டும் மறக்காமல் போட்டிருக்கிறான். எவனோ செய்த வேலைக்கு என் பெயரா? நான் என்ன, வாசலில் கட்டுகிற திருஷ்டி பொம்மையா?

ஒரு வருஷமா என் மூஞ்சியைப் பாத்துப் பொய் சொல்லியிருக்கான். நானும் அவன் வீட்டுக் காபியைக் குடிச்சிட்டு, ஈன்னு இளிச்சிட்டு வந்திருக்கேன்.

ஜூன் 22, ஞாயிறு

மல்லேஸ்வரத்தில் கேசவ் வீட்டுக்குப் போனேன். செருப்பைக் கழற்றும்போதே கேட்டேன். “யாரு பண்றா? மும்பை ஆளா?”

“யாரும் இல்ல. நான்தான்.”

நம்பவில்லை. கேசவ் வாதாடவில்லை. தன் அறை ஸ்பீக்கரில் ஒரு சத்தத்தைப் போட்டான். விசில் மாதிரி, மெல்ல மெல்ல மேலே ஏறிக்கொண்டே போகிற சத்தம். “எப்ப நிக்குதோ அப்ப கை தூக்கு” என்றான்.

நின்றது. தூக்கினேன். அவன் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அறையில் ஒரு சத்தமும் இல்லை.

சமையலறையிலிருந்து அவன் அம்மா கோமளம் மாமி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வந்தார். “போறும்டா கேசவா, அந்த விசிலை நிறுத்தேன். காது போறது.”

மாமிக்கு அறுபத்தாறு வயது. எனக்கு நாற்பத்தொன்று.

“ஏன்டா சொல்லல?”

“சொன்னா வேலையையே விட்டுடுவ. மத்ததெல்லாம் உன் அளவுக்கு யாரு பண்ணுவா? மேல மட்டும்தானே, நான் குறைச்சுக்கறேன்னு விட்டுட்டேன்.”

அவன் இப்போது சொன்னது பொய்யாக இருந்தால் தேவலை என்று இருந்தது. ஆட்டோவில் அழுதேன். ஓட்டுகிறவர் கண்ணாடியில் பார்த்து, “ஏனாய்த்து மேடம்?” என்று கன்னடத்தில் விசாரித்தார். ஒன்றுமில்லை என்றேன்.

ஜூன் 30

காது டாக்டர் ஒரு தாள் கொடுத்தார். அதில் எனக்குக் கேட்பதைக் காட்டும் கோடு பாதி தூரம் ஒழுங்காக வந்து அப்புறம் சரிந்து விழுகிறது. மாஸ்டரிங்குக்கு வருவதற்கு முன்னும் பின்னும், கச்சேரிகளுக்கு ஒலி பார்த்துக்கொண்டு மேடை ஓரத்து ஸ்பீக்கர்களுக்குப் பக்கத்தில் பன்னிரண்டு வருடம் நின்றிருக்கிறேன். போனது திரும்பாதாம். இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாமாம்.

ஜூலை 1

இன்று யார்மேலும் சந்தேகப்பட முடியவில்லை. ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது.

ஜூலை 19, சனி

கேசவ் ஒரு புது டிராக் அனுப்பினான். இனிமேல் எனக்குத் தெரியாமல் என் வேலையைத் தொடக் கூடாது என்று சொல்லித்தான் வாங்கினேன். கீழ்ச்சத்தத்தை ஒரு மணி நேரத்தில் முடித்தேன். மேல் ஒலிக்கு இவரைக் கூப்பிட்டு என் நாற்காலியில் உட்கார வைத்தேன்.

“பல்லு கூசுனா சொல்லுங்க.”

“பாட்டு நல்லா இருக்கான்னு சொல்ல வேணாமா?”

“அதை நான் பாத்துக்கறேன்.”

ஏற்றிக்கொண்டே போனேன். கன்னத்தைப் பிடித்தார். இறக்கினேன். கையை எடுத்தார். அந்த அளவைக் குறித்துக்கொண்டேன். மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் இருந்தார். தூங்கிவிட்டாரோ? என் மனசு நோகக் கூடாதென்று சும்மா ஒப்புக்கு உட்கார்ந்திருக்கிறாரோ? சந்தேகம் வந்துவிட்டது. அவரிடம் சொல்லாமல் ஒரு துளி ஏற்றினேன். எனக்கு எந்த வித்தியாசமும் கேட்கவில்லை.

அவர் கை கன்னத்துக்குப் போனது.