ஷம்ஷாத் அக்கா ஜன்னலில் உன் பெட்டி

பம்பரம் மாமா,

இன்றைக்குக் காலையில் ஷூ ஒட்டுகிற சொல்யூஷன் டப்பாவைத் திறந்தேன். நம் ரூபி ஆஸ்பத்திரி வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிற வெள்ளை ஷூவில் அடி பிளந்துவிட்டது. "வேற வாங்கிக்கிறேம்மா, வுடு" என்றாள். ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவள் இருக்கிற வீட்டில் ஒரு பிளவுக்காக ஷூவைத் தூக்கிப் போடுவதா? கடைக்குப் போய் ஒரு சின்ன டப்பா வாங்கிவந்தேன். மூடியைத் திறந்ததும் அந்த வாசனை குப்பென்று ஏறியது. ஆம்பூரில் எங்கள் டேபிளில் பசை தடவிய பெண்கள் எல்லோருக்கும் அது தலைமுடியில்கூட இருக்கும். ஆனால் இன்றைக்கு எனக்கு ஆம்பூர் ஞாபகம் வரவில்லை. கஸ்பா வீட்டுக்கு நீ அந்தப் பெட்டியைக் கொண்டுவந்த சனிக்கிழமை வந்தது. ஷூவை ஒட்டி, மேலே அம்மிக்குழவியைத் தூக்கி வைத்துவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது, உனக்குத் தெரியும். பிழை இருந்தால் சிரித்துக்கொள்.

மற்ற நாளில் சைக்கிளைச் சுவரில் சாய்க்கும்போதே "சோறு" என்பாய். அன்றைக்குப் பேச்சே இல்லை. சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டு உள்ளே வந்தாய். நெஞ்சு வலியோ என்று நினைத்துவிட்டேன்.

"இன்னா மாமா, இன்னா பண்ணுது?"

"கண்ண மூடு. கைய நீட்டு."

கனமாக ஒன்று கையில் வந்து உட்கார்ந்தது. கண்ணைத் திறந்தால் கறுப்பாக, சோப்பு டப்பா மாதிரி. பின்னால் ஒரு கிளிப். தலையில் ஒரு ஸ்விட்ச்.

"ரேடியோவா?"

"பேஜர். டாக்டருங்க இடுப்புல மாட்டியிருப்பாங்கல்ல, அது. எலக்ட்ரிகல்ல எனக்குத்தான் மொதல்ல குடுத்துக்கீறாங்க."

"பேசுமா?"

"பேசாது. ஆஸ்பத்திரியில அமுக்குனா இங்க கத்தும். கத்துனா நான் ஓடணும்."

"நான் கத்துனா திரும்பிக்கூட பாக்க மாட்ட. இதுக்கு மட்டும் ஓடுவியா?"

நீ சிரித்தாய். அதற்குப் பிறகுதான் விஷயத்தைச் சொன்னாய். சொன்னதும் எனக்குக் கையில் இருந்த அந்தப் பெட்டியைக் கீழே வைக்கவே மனசு வரவில்லை.

ஆஸ்பத்திரியில் உனக்கு ஜெனரேட்டர் வேலை. ஊரில் கரண்டு போனாலும் ஆபரேஷன் தியேட்டரில் விளக்கு நிற்கக் கூடாது. ஜெனரேட்டர் மக்கர் பண்ணினால் உன் கை அங்கே இருக்க வேண்டும். அதனால் டியூட்டி வாரம் வந்தால் நீ வீட்டுக்கே வர மாட்டாய். டீசல் நாற்றத்தில் பாயைப் போட்டு அங்கேயே படுப்பாய். கல்யாணம் ஆனதிலிருந்து எனக்கு ஒரு வாரம் புருஷன் உண்டு, ஒரு வாரம் இல்லை. அப்போது வயிற்றில் ரூபி. தனியாகப் படுத்துக்கொண்டு, வலி வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று யோசித்தபடி கிடப்பேன். உன்னிடம் சொன்னதில்லை. சொல்லாமலே நீ தெரிந்துவைத்திருந்தாய்.

"இது சத்தம் நம்ம வூடு வரைக்கும் வந்துச்சின்னா, டியூட்டி வாரமும் நான் இங்கியே படுத்துக்கலாம்" என்றாய்.

அதற்கு உன் சூப்பர்வைசர் ஒரு சோதனை வைத்திருந்தார். அவர் மாதிரியே பேசிக் காட்டினாய். "நாளைக்கு ஞாயித்துக்கெழம. டெலிபோன் ரூம் ஸ்டெல்லா எப்ப கூப்புடுவான்னு சொல்ல மாட்டேன். கூப்ட்டதும் நீ வந்து என் முன்னால நிக்கணும். நின்னா வூட்ல படு. நிக்கலன்னா இந்தப் பாய்தான் ஒனக்கு."

பெட்டியின் வயிற்றைத் திறந்து செல்லைப் போட்டாய். என்னையே ஸ்விட்சைத் தள்ளச் சொன்னாய். "தள்ளு, கடிக்காது." தள்ளினேன். "பீப்" என்று ஒரு சின்னச் சத்தம். அது உயிரோடு இருக்கிறது என்று அர்த்தமாம். நான் நிறுத்தினேன், மறுபடி தள்ளினேன், மறுபடி நிறுத்தினேன். "செல்லு தீந்துடும்டி, ஞாயித்துக்கெழமைக்கு மிச்சம் வை" என்று பிடுங்கிக்கொண்டாய்.

இவ்வளவு பெரிய சாமானை வெறும் கிளிப்பில் மாட்டிக்கொண்டு போவாயா? கீழே விழுந்தால்? என்னிடம் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த கறுப்பு ஆட்டுத்தோல் துண்டு இருந்தது. அன்று சாயங்காலமே உட்கார்ந்து உறை தைத்தேன். எங்கள் லைன் மேஸ்திரி தினமும் சொல்வது காதில் இருந்தது, தோல் கொடுக்கும், போகப் போக விரிந்து இடம் விடும், இறுக்கமாக வெட்டு, நாலு நாள் போட்டால் காலோடு சேர்ந்துவிடும் என்று. இறுக்கமாகவே வெட்டினேன். உள்ளே லைனிங் ஒட்டி, ஓரம் மடித்து, பெல்ட்டு நுழைய ஒரு காது வைத்துத் தைத்தேன். பெட்டி உள்ளே போக மறுத்தது. நீ ஸ்விட்சைப் போட்டுவிட்டு, இரண்டு கட்டைவிரலையும் வைத்து அமுக்கித் தள்ளினாய்.

"இன்னாடி, மூச்சு முட்டிச் செத்துடப்போவுது."

"கொடுக்கும் மாமா. நாலு நாள்ல பாரு."

ஞாயிற்றுக்கிழமை நாம் சர்ச்சுக்குப் போகவில்லை. பால் பொங்குவதைப் பார்க்கிற மாதிரி பெட்டியின் எதிரில் உட்கார்ந்திருந்தோம். மாடியிலிருந்து ஷம்ஷாத் அக்கா எட்டிப் பார்த்தார்கள். "இன்னா, ரெண்டு பேரும் சர்ச்சுக்குப் போவல? சாமிய வூட்டுக்கே இட்டாந்துட்டீங்களா?"

பெட்டி கத்தவில்லை. ஆஸ்பத்திரி வாட்ச்மேன்தான் சைக்கிளில் வந்து நின்றான்.

"பம்பரம், ஸ்டெல்லா மேடம் ரெண்டு தபா கூப்ட்டாங்களாம். நீ வரலியாம். பாய விரிச்சி வைக்கச் சொல்லிட்டாரு சூப்பர்வைசர்."

நீ உறையிலிருந்து பெட்டியைப் பிடுங்கி எடுத்தாய். ஸ்விட்ச் நிறுத்தின பக்கம் போய்க் கிடந்தது. முந்தின நாள் அமுக்கித் தள்ளினபோதே இறுக்கமான தோல் அதையும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய், "செருப்புக்கு ஸ்விட்ச்சு கெடையாதுல்ல, ஒனக்கு எப்படித் தெரியும்." சொல்லிவிட்டு நீயே சிரித்தாய். வாட்ச்மேனும் சிரித்தான். பிளேடால் உறையின் தலையில் ஒரு ஜன்னல் வெட்டினாய். அதை எடுத்துக்கொண்டு சைக்கிளில் பறந்தாய்.

சூப்பர்வைசரிடம் என்ன சொன்னாயோ, ராத்திரி சாப்பாட்டு நேரம் வரைக்கும் தவணை வாங்கிவந்துவிட்டாய். ஸ்டெல்லா மேடமும் நல்லவர்கள். பள்ளிவாசலில் சாயங்காலத் தொழுகைக்கான அஸர் பாங்கு முடிந்ததும் கொஞ்ச நேரத்துக்கு விட்டு விட்டு அமுக்கிக்கொண்டே இருக்கிறேன், எங்கே கேட்கிறது என்று பார்த்துக்கொள், அதற்கு மேல் எப்போது கூப்பிட்டாலும் அது சோதனை என்று சொல்லியிருந்தார்கள்.

பாங்கு முடிந்தது. நம் வீட்டுக்குள் பெட்டி ஊமையாக இருந்தது. அடுப்பங்கரையில் இல்லை, படுக்கிற இடத்தில் இல்லை, வாசல்படியிலும் இல்லை. பழைய காலத்துச் சுவர், அவ்வளவு தடிமன். நீ சந்தில் இறங்கினாய். பெட்டியை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நின்று, திரும்பி, மறுபடி நின்று. உனக்குப் பம்பரம் என்று பேர் வைத்தவர்கள் அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும். சந்தே வெளியே வந்துவிட்டது. குழாயடியில் ஒரு தரம் முனகியது. துணி காயப்போடுகிற மூங்கிலின் நுனியில் அதைக் கட்டித் தூக்கினாய். மேலே போனதும் கத்தியது பார், அம்மாடி. பிள்ளைகள் எல்லாம் கைதட்டினார்கள். மூங்கில் நுனி ஷம்ஷாத் அக்காவின் ஜன்னலுக்கு நேராக நின்றது.

"யோவ் பம்பரம், எதுக்குக் கம்பு? மேல எடுத்தாந்து எங்க ஜன்னல்ல மாட்டு" என்றார்கள்.

நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே மாடி ஏறினேன். அந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் ஆஸ்பத்திரி மாடியில் பெட்டிக்குச் சத்தம் அனுப்ப நட்டிருந்த கம்பி தெரிந்தது. ஆணியில் மாட்டியதும் பெட்டி பாட்டுப் பாடுகிற மாதிரி கத்தியது.

"சரி அக்கா, ஆனா நான் கீழதான கீறேன்."

"நீ கீழயே இரு. இது கத்துனா நான் கத்றேன். இது சத்தத்தவுட என் சத்தம் ஜாஸ்தி தூரம் போவும். சந்தேகம்னா எங்க வூட்டுக்காரரக் கேளு."

அவர்கள் வீட்டுக்காரர் தோல் மண்டியில் கணக்குப் பார்க்கிறவர். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "மண்டி வரைக்கும் கேக்கும்" என்றார்.

இருட்டுகிற நேரம். ஓடி ஓடி வேர்த்துப்போய் நீ பின்பக்கம் குளிக்கப் போயிருந்தாய். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். மேலேயிருந்து வந்தது ஒரு குரல்: "பம்பரோம், ஒம் பெட்டி கத்துதுடா, ஓடு." சந்தில் இருந்தவர்கள் எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள், ஓடு ஓடு என்று. நீ காதில் சோப்பு நுரையோடு, ஈரத்தின் மேலேயே சட்டையை மாட்டிக்கொண்டு, சைக்கிளில் ஏறினாயா தாவினாயா என்று தெரியவில்லை. நான் சந்து முனை வரைக்கும் ஓடிவந்துவிட்டேன். அங்கேயே நின்றேன்.

பிறகு தூரத்திலிருந்து பெல் சத்தம். வழிநெடுக அடித்துக்கொண்டே வந்தாய். உன் முகத்தை நான் பார்க்கவில்லை, கேரியரைத்தான் பார்த்தேன். கேரியரில் அந்தப் பாய் சுருட்டிக் கட்டியிருந்தது. ஜெனரேட்டர் ரூம் பாய். அதற்கு மேல் நீ என்ன சொல்ல வேண்டும்?

"மொதல்ல காதக் கழுவுடா, அப்புறம் வூட்லயே படுன்னுட்டாரு" என்றாய். அந்தப் பாயைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். டீசல் வாசனை போகவே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த வாசனை எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

அதிலிருந்து உன் பெட்டிக்கு இரண்டு வீடு. டியூட்டிக்குப் போகும்போது இடுப்பில், வீட்டுக்கு வந்தால் அக்கா ஜன்னலில். கரண்டு போனால் சந்தே மேலே பார்க்கும். நோன்பு நாளில் அவர்கள் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போதே அது கத்தினால், பிள்ளைகளில் ஒருத்தர் ஜன்னலுக்கு ஓடுவார்கள். ரெண்டு நாள் கத்தாமல் இருந்தால் அக்கா கவலைப்படுவார்கள். "இன்னாடா, ஒடம்பு கிடம்பு சரியில்லையா அதுக்கு?"

ரூபி பிறந்த நாளில் நீ பகல் ஷிப்ட். வலி வந்ததும் நான் மாடியைப் பார்த்து அக்கா என்று ஒரு குரல்தான் கொடுத்தேன். அவர்கள் மண்டிக்கு ஓடி, அங்கிருந்த போனில் ஸ்டெல்லா மேடத்தைப் பிடித்து, "அந்த எலக்ட்ரிக்காரனுக்கு பெட்டிய அமுக்குங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். கரண்டுதான் இருக்கிறதே, ஏன் கத்துகிறது என்று நீ டெலிபோன் ரூமுக்கு ஓட, வீட்டுக்குப் போ என்று விரட்டியிருக்கிறார்கள். சைக்கிளை மறந்து, கையில் ஸ்பேனரோடு ஓடிவந்தாய்.

"பாத்தியா, நீ கத்துனதுக்கு ஓடியாந்துட்டேன்."

"நான் கத்தல மாமா. பெட்டி கத்துச்சி."

"பெட்டிக்குள்ள நீதானே இருந்த."

அந்த வலியிலும் சிரித்தேன்.

பெட்டியை ஆஸ்பத்திரிக்காரர்கள் பிறகு திருப்பி வாங்கிக்கொண்டார்கள். உறை மட்டும் நம்மிடம் தங்கியது. தோல் கொடுத்தது மாமா, நான் சொன்ன மாதிரியே. உள்ளே ஒன்றும் இல்லாவிட்டாலும் பெட்டி இருக்கிற மாதிரியே நிற்கிறது. உன் இடுப்பு எப்படி வளைந்திருந்ததோ அப்படியே முதுகு வளைந்திருக்கிறது. நான் அதில் வீட்டுச் சாவியைப் போட்டு இடுப்பில் செருகிக்கொள்கிறேன். ரூபி கிண்டல் பண்ணுகிறாள். பண்ணட்டும்.

கடைசியில் நீ படுத்ததும் அதே ஆஸ்பத்திரியில்தான். பேச்சு நின்றுபோயிருந்தது. கூப்பிட்டால் கண்ணும் திறக்கவில்லை. உன் தலைமாட்டில் இருந்த மெஷின் ஒரு தரம் பீப் பீப் என்று கத்தியது. நான் யோசிக்கவே இல்லை, வாயில் தானாக வந்துவிட்டது. "மாமா, பெட்டி கத்துதுடா, ஓடு" என்று அக்கா மாதிரியே சொன்னேன். உன் வலது கை மெதுவாகப் போர்வைக்குள் நகர்ந்தது. இடுப்பில் போய், கிளிப் இருக்கிற இடத்தைத் தடவியது. ரூபி பக்கத்தில் இருந்தாள். சில நேரம் கை அப்படித் தானாக அசையும்மா என்றாள். அவள் படித்தவள், சரியாகத்தான் சொல்லியிருப்பாள். நான் மேலே கேட்கவில்லை. உன்னைத்தான் கேட்க வேண்டும்.

அன்றைக்கு உன் கை இடுப்புக்குப் போனதே மாமா, அந்த மெஷின் சத்தத்துக்கா, நான் கூப்பிட்டதுக்கா?