ஞாபகம் இல்லை என்று சொன்ன நாள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்பளவில் நலம், மனசளவில் எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் கட்டை அவிழ்த்தாயிற்று, இப்போது பார்வை துல்லியமாகிவிட்டதால் சுவரில் இருக்கும் ஒவ்வொரு கறையையும் எனக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார். போன ஞாயிறு நீ போனில் "பிரின்சிபால் வேலை எப்படிம்மா போகுது" என்று கேட்டாய், "ஜோரா போகுது" என்றேன். அது பொய். உன் குரலைக் கேட்டுக்கொண்டே உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். முழுதும் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

எங்கள் பிரின்சிபால் பெரிய மேடம் ஓய்வு பெறப் போகிறார் என்றதும், இருபத்தாறு வருஷமாகக் கணக்குப் பாடம் எடுக்கும் என்னை நிர்வாகக் குழு தேர்ந்தெடுத்து, பிரின்சிபால் ஆகப் போகிறவர்களுக்கான பயிற்சியில் சேர்த்தது உனக்குத் தெரியும். மாதம் இரண்டு நாள் வகுப்பு, மற்ற நாளெல்லாம் மேடம் பக்கத்திலேயே இருந்து வேலை பழகுவது, கடைசியில் கற்றதையெல்லாம் ஒரு கோப்பாக எழுதிக் கொடுப்பது. முடிவில் மூன்று வாரம் மேடம் விடுப்பில் போய்ப் பள்ளியை என் கையில் விட்டார். அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் எனக்கு வந்த பெருமையைச் சொல்லவே இப்போது வெட்கமாக இருக்கிறது. வீட்டில் அப்பா ஏதாவது கேட்டால்கூட "சுருக்கமா சொல்லுங்க" என்று சொல்ல ஆரம்பித்திருந்தேன்.

குழாய், விளக்கு, கதவு என்று பள்ளியின் ரிப்பேர் வேலை எல்லாம் பார்ப்பாரே, நீ இங்கே படித்தபோது நீங்களெல்லாம் ஸ்பேனர் என்று கூப்பிடுவீர்களே, அவர் இன்னும் இருக்கிறார். ஒரு புதன்கிழமை காலை என் அறைக்கு வந்து, "மேடம், பின்பக்கப் படியில கைப்பிடி ஆடுது, அடியில துரு ஏறிப்போச்சு, அந்தப் படிய மூடிரலாம்" என்றார். நான் கோப்பு எழுதிக்கொண்டிருந்தேன். எந்தப் பகுதி தெரியுமா, கூட வேலை செய்பவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது பற்றி. தலையைத் தூக்காமலே "பரீட்சை முடியட்டும், பாத்துக்கலாம்" என்றேன். வெள்ளிக்கிழமை மறுபடி வந்தார், "வாயில சொன்னா மறந்துருவீங்க, எழுதியே கொண்டாந்துட்டேன்" என்று ஒரு சீட்டை மேஜைமேல் வைத்தார். படிக்காமலே அதைக் கோப்புக்குள் செருகினேன். நீயும் அங்கே பத்து நர்சுகளுக்கு மேலே இருக்கிறாய், யாராவது உன் முன்னால் வந்து நின்றால் பேனாவைக் கீழே வைத்துவிடு, வேறெதுவும் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை.

செவ்வாய்க்கிழமை இடைவேளையில் கைப்பிடி பெயர்ந்து, ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி மேல்படியிலிருந்து சிமெண்டுத் தரையில் விழுந்துவிட்டாள். மணிக்கட்டு முறிந்தது, நெற்றியில் ஏழு தையல். பயமில்லை என்று டாக்டர் வந்து சொல்லும்வரை ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே நின்றேன். சாயங்காலம் குழுத் தலைவர் வந்தார். ஸ்பேனரைக் கூப்பிட்டு விசாரித்ததும் அவர் "ரெண்டு தடவ மேடத்துக்கிட்ட சொன்னேன் சார்" என்றார். தலைவர் என் பக்கம் திரும்பினார். "எனக்கு ஞாபகமில்லையே" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை, ஆனால் வந்துவிட்டது, வந்ததைத் திரும்ப எடுக்கவும் இல்லை. ஸ்பேனர் என்னைப் பார்த்தார், அதில் கோபம்கூட இல்லை, ஆள் மாறி வந்துவிட்டோமோ என்பதுபோல ஒரு பார்வை. அன்றைக்கே அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்.

அதற்கப்புறம் சாப்பாடு இறங்கவில்லை. பெரிய மேடத்துக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் சொன்னேன். "ஒரு துண்டுக் காகிதம்தானே, கிழிச்சுப் போடு. நீ பிரின்சிபாலா வந்தா எத்தன பிள்ளைங்களுக்கு நல்லது நடக்கும், அத நெனச்சுப் பாரு. அவருக்கு நான் வேற எடத்துல வேலை பாத்துத் தர்றேன்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, என் மேல் உள்ள பிரியத்தில்தான் சொன்னார். நானும் எனக்குள் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன், அதனால்தான் பயம் வந்தது. ஞாயிறு சாயங்காலம், உன்னிடம் பேசி முடித்த கையோடு, அப்பாவிடம் சொன்னேன். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டவர், "அந்தச் சீட்டு இப்ப எங்க இருக்கு?" என்றார். கோப்பில் என்றேன். "அப்ப ஞாபகம் இருக்கு" என்றார். சட்டையைத் திருப்பிப் போட்டு அடுத்த பக்கம் தேய்த்தார்.

திங்கட்கிழமை பெற்றோர் கூட்டம். அரங்கில் நாற்காலி போதாமல் சுவரோரமெல்லாம் நின்றார்கள். மேடை ஏறும்முன் தலைவர் என் காதருகே வந்து "ஊழியர் மேல நடவடிக்கை எடுத்தாச்சுன்னு மட்டும் சொல்லுங்க, போதும்" என்றார். மைக்கைப் பிடித்தேன். சீட்டை எடுத்து அப்படியே வாசித்தேன். இது எனக்கு விபத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமையே வந்தது, நான் படிக்கவில்லை, ஞாபகமில்லை என்று சொன்னது பொய், அந்த மனிதர்மேல் தப்பில்லை என்றேன். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அந்தப் பெண்ணின் அப்பா பஸ் ஓட்டுகிறவர், அவர் மட்டும் கத்தவில்லை, எழுந்து நின்று, "பிரேக் சரியில்லன்னு மெக்கானிக் சொன்னப்புறம் நான் வண்டிய எடுத்தா என்னைய விடுவாங்களா மேடம்?" என்று கேட்டார். விடமாட்டார்கள் என்றேன். உட்கார்ந்துவிட்டார்.

ஸ்பேனரை மறுநாளே திரும்ப எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அந்தப் பதவி இல்லை என்று கடிதம் வந்துவிட்டது, வெளியிலிருந்து வேறொருவர் வருகிறார், நான் பழையபடி ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். டீச்சர்கள் சில பேர் நான் போனால் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். ஸ்பேனரிடம் மன்னிப்புக் கேட்க அவருடைய தகரக் கொட்டகைக்குப் போனேன். கையிலிருந்த குழாயைத் திருகிக்கொண்டே, "வேலை கெடக்கு மேடம்" என்றார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன். அவர் மன்னிக்கவில்லை, மன்னித்தே ஆகவேண்டும் என்று அவருக்கு என்ன தலையெழுத்து.

நேற்று அந்தப் பெண்ணைப் பார்க்கப் போனேன். அவள் அம்மா கதவைத் திறந்தாள், வாங்க என்று சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. குழந்தை மாவுக்கட்டோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் கேட்டது, "நான் ஓடி வந்து இடிச்சதாலதான் ஒடைஞ்சுதுன்னு எல்லாரும் சொல்றாங்க மேடம். எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல. நெசமாவே நான் ஓடுனேனா?" பெரியவர்கள் நாங்கள் யார் தலையில் பழி விழும் என்று பார்த்துக்கொண்டிருந்த நாளெல்லாம் இந்தக் குழந்தை அந்தப் பழியைத் தன் தலையில் சுமந்துகொண்டு படுத்திருக்கிறது. இல்லை, நீ ஓடவில்லை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் எனக்கு அது தெரியாதே. "நீ ஓடுனியா நடந்தியான்னு நான் பாக்கல கண்ணு. எப்படி வந்திருந்தாலும் அது ஒடைஞ்சிருக்கும். அந்தப் படிய மூட வேண்டியது என் வேலை, நான் மூடல" என்றேன். "அப்ப நான் இல்ல" என்று தன் அம்மாவிடம் சொன்னது. அந்த அம்மா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அம்மா பிரின்சிபால் ஆகிவிட்டாள் என்று அத்தையிடம் நீ ஏற்கெனவே சொல்லியிருப்பாய், பரவாயில்லை, நானே பேசிக்கொள்கிறேன். இடுப்பு வலிக்கு டாக்டர் சொன்ன பயிற்சியை விட்டுவிடாதே. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், மனசில் பாரம் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலக் கூப்பிடு, எதைக் கேட்டாலும் உள்ளதைச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா