பாண்டி கார்டில் என் மகள் பெயர்

ஆவணி 4, செவ்வாய்

வெயில். காலை ஏழு மணிக்கே கூரைத் தகரம் சுடுகிறது. தீபாவளி சீசன். பட்டாசுக்கு ஆள் ஏற்றும் வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக.

இந்த டைரி சிவகாசி பைண்டிங் கம்பெனியில் கழித்துப் போட்டது. நான் அங்கே வேலை பார்த்த பழக்கத்துக்குக் கொடுத்தார்கள். ஏப்ரல் இரண்டு தடவை இருக்கிறது, மே இல்லவே இல்லை. அச்சிட்ட தேதியை விட்டு என் தேதியைப் போடுகிறேன்.

சாயந்திரம் என் மகள் மாரீஸ்வரி போன். ஜெர்மனியில் அவள் இருக்கும் அச்சுக் கம்பெனியில் ஒரு பிரிவை மூடுகிறார்கள். அவள் பிரிவு. அந்த வேலையை வைத்துத்தான் அங்கே தங்க அனுமதி. இனி இரண்டு வழிதானாம். மூன்று மாதத்துக்குள் வேறு வேலை. இல்லாவிட்டால் யோனாசைக் கல்யாணம் செய்து, அவன் மனைவி என்று தங்குவது.

யோனாஸ் அந்த ஊர்ப் பையன். இரண்டு வருசப் பழக்கம். போனில் என்னை "வணக்கம் மாமா" என்பான்.

"பிடிச்சிருக்குல்ல தாயி, பண்ணிக்கிற வேண்டியதுதானே" என்றேன்.

"பிடிச்சிருக்குப்பா. ஆனா காகிதத்துக்காக ஒரு கல்யாணம் பண்ண மாட்டேன். நாளைக்கு ஒரு சண்டைன்னா, விசாவுக்குத்தானே வந்தேன்னு ஒரு வார்த்த வந்துருச்சுன்னா?"

"சாப்பிட்டியா" என்றேன்.

ஆவணி 6, வியாழன்

மேகம். மழை இல்லை. என் மனைவி பேச்சிக்கு முழங்கால் வலி.

மாரி மனசு மாறிவிட்டாள். வேலை கேட்டுப் போன இரண்டு இடத்திலும் இல்லை என்று விட்டார்கள். யோனாஸ் அவளிடம், "வேலை கிடைத்தாலும் உன்னைக் கல்யாணத்துக்குக் கேட்பேன், கிடைக்காவிட்டாலும் கேட்பேன்" என்றானாம். சொல்லும்போது அழுதாள். பேச்சிக்கும் சந்தோசம்தான். வெளியே காட்ட மாட்டாள். "வெள்ளக்காரனுக்குப் புளிக்கொழம்பு எறங்குமா" என்றாள்.

வாங்கி அனுப்ப வேண்டியது:
பிறப்புச் சான்று. இருக்கிறது.
பள்ளிச் சான்று. அவளிடமே இருக்கிறது.
கல்யாணம் ஆகாதவள் என்று சான்று. அதுதான் இல்லை. வி.ஏ.ஓ. விசாரித்து எழுதி, தாலுகாவில் கொடுப்பார்களாம்.

நாளை போக வேண்டும். வெள்ளை வேட்டி துவைத்துப் போட்டாயிற்று.

ஆவணி 7, வெள்ளி

வி.ஏ.ஓ. நல்ல மனிதர். சின்ன வயசு. கம்ப்யூட்டரில் மாரி பெயரைப் போட்டுப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"பெரியவரே, உங்க மக பேரு உங்க ரேஷன் கார்டுல இல்லியே. பாண்டிங்கிறவர் கார்டுல இருக்கு. மனைவின்னு."

இன்னொரு தடவை பார்க்கச் சொன்னேன்.

பாண்டி என் மனைவியின் தம்பி மகன். முறைமாப்பிள்ளை. மாரிக்குப் பத்தொன்பது நடக்கும்போது பரிசம் போட்டோம். தை மாதம், ஞாயிற்றுக்கிழமை. மறுவாரம், பாண்டிக்குத் தனிக் கார்டு வேண்டும் என்று அவன் அப்பன், என் மச்சினன், கேட்டான். தனிக் கார்டுக்குக் குடும்பம் இருக்க வேண்டும். "எப்படியும் நடக்கப் போற கல்யாணந்தான மச்சான், சித்திரையில தாலி, தையில கார்டு, என்ன கெட்டுப்போச்சு" என்றான். கல்யாணம் நடந்துவிட்டது என்று ஒரு தாளில் எழுதியிருந்தான். அப்போது எனக்கு எழுதத் தெரியாது, கைநாட்டு வைத்தேன். இடது பெருவிரல். அன்று நீலச் சட்டை போட்டிருந்தேன். மைப்பெட்டி காய்ந்து போயிருந்தது, எச்சில் தொட்டு அமுக்கினேன். எங்கள் பக்கம் கார்டுக்காக இப்படி எழுதுவது ஒன்றும் புதிதில்லை. தப்பு என்று யாரும் நினைத்ததில்லை.

சித்திரையில் தாலி ஏறவில்லை. மாரி படிக்க வேண்டும் என்றாள், பரிசத்தைத் திருப்பினோம். கார்டை யாரும் திருப்பவில்லை.

வீட்டில் சொன்னேன். பேச்சி பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"எந்த வருசம் எம்புட்டு மழை பேஞ்சதுன்னு ஊருக்கெல்லாம் சொல்லுவீக. வச்ச கைநாட்டு மட்டும் மறந்து போச்சாக்கும்."

மறக்கவில்லை. அது அரிசிக்கான கார்டு என்றுதான் இருந்தேன்.

ஆவணி 10, திங்கள்

பாண்டியைப் பார்த்தேன். வேன் ஓட்டுகிறான். கூலிக்காரப் பெண்களை இறக்கிவிட்டு டீக்கடையில் நின்றான். மச்சினன் செத்து மூன்று வருசம். பாண்டிக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகி ஒரு பெண் குழந்தை.

முதலில் சிரித்தான். "அப்ப எனக்கு ஜெர்மனியில ஒரு பொண்டாட்டியா மாமா?" பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அவன் மனைவி லட்சுமி பெயர் இன்னும் அவள் அப்பன் கார்டில்தான். மாத்துவோம், மாத்துவோம் என்றே இத்தனை நாள்.

"வி.ஏ.ஓ. கிட்ட வாரேன் மாமா. மாரி நல்லா இருக்கணும். வீட்டுல ஒரு வார்த்த சொல்லிட்டு வாரேன்."

ஆவணி 11, செவ்வாய்

சிறு தூறல். பட்டாசு காயவைத்தவர்கள் ஓடி ஓடி எடுத்தார்கள்.

பாண்டி வந்தான். லட்சுமியும் வந்தாள், இடுப்பில் குழந்தை. வி.ஏ.ஓ. முன்னால் என்னைத்தான் கேட்டாள்.

"பெரியப்பா, ஒங்க மேல கோவமில்ல. எங்க கல்யாணத்தையும் நாங்க ரிஜிஸ்டர் பண்ணல. இவுகளுக்கு மொதல்ல ஒருத்தி இருந்தான்னு தாளு இருக்கு. எனக்குத் தாளே இல்ல. அப்ப நான் யாரு? இந்தப் புள்ள யாரு?"

பாண்டி சாவிக்கொத்தை உருட்டிக்கொண்டு நின்றான்.

வி.ஏ.ஓ. பொறுமையாகச் சொன்னார். பெயரை நீக்குவது ஒன்றும் பெரிதில்லை. ஆனால் கல்யாணமே நடக்கவில்லை என்று சான்று வேண்டும் என்றால், அன்றைக்கு எழுதிக் கொடுத்தது பொய் என்று நானும் பாண்டியும் எழுதித்தர வேண்டும். அது தாசில்தாருக்குப் போகும். விசாரணை வைப்பார்கள். ஊரில் நாலு பேர் சாட்சி.

"எத்தன நாளு ஆகும் தம்பி?"

"சொல்ல முடியாது பெரியவரே. மூணு மாசம் ஆகலாம். ஆறு மாசமும் ஆகலாம்."

மாரிக்கு இருப்பதே மூன்று மாதம். அதில் ஒரு வாரம் போய்விட்டது.

ஆவணி 12, புதன்

மாரி அனுப்பியிருக்கிறாள்: "சர்டிபிகேட் வாங்கியாச்சாப்பா? இங்க தேதி கேக்குறாங்க." கீழே ஒரு சேலைப் படம். அரக்குச் சிவப்பு. இது நல்லா இருக்கா என்று அம்மாவிடம் கேட்கச் சொன்னாள்.

எழுத்துக் கூட்டிப் படித்தேன். அறுபத்து மூன்று வயதில் காலண்டர் தாளைப் பார்த்துப் படிக்கக் கற்றதே, அவள் அனுப்புவதை இன்னொருத்தரிடம் நீட்டக் கூடாது என்றுதான். இன்று படிக்கத் தெரியாமலே இருந்திருக்கலாம்.

பேச்சி சேலையைப் பார்த்தாள். "நல்லாருக்குன்னு போடுங்க" என்றாள். போட்டேன்.

ஆவணி 13, வியாழன்

மாரியிடம் சொல்லிவிட்டேன். எல்லாம். கைநாட்டு, கார்டு, லட்சுமி கேட்டது, ஆறு மாசம்.

போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை. பிறகு சிரித்தாள்.

"அப்ப ஒரு தடவ காகிதத்துக்குக் கல்யாணம் பண்ணியாச்சா நான்?"

பிறகு சிரிக்கவில்லை.

"அன்னைக்கு எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லப்பா."

அன்றைக்கு அவள் எங்கே இருந்தாள் என்று எனக்குத் தெரியும். பாலிடெக்னிக்கில் பரீட்சை. காலையில் என் பேனாவைத்தான் எடுத்துப் போனாள். எனக்கு எழுதத் தெரியாத காலத்திலும் சட்டைப்பையில் பேனா வைத்திருப்பேன். சாயந்திரம் திருப்பித் தந்தபோது, "கார்டுக்கு ஒரு கைநாட்டு வச்சேன்" என்று சொல்லியிருக்கலாம். பரீட்சை எப்படி என்று மட்டும் கேட்டேன்.

ஆவணி 14, வெள்ளி

நல்ல வெயில்.

பாண்டி கையெழுத்துப் போட்டுவிட்டான். லட்சுமியும் பக்கத்தில் நின்றாள், தன் பெயரைச் சேர்க்கும் மனுவோடு.

என் முறை. வி.ஏ.ஓ. பழக்கத்தில் மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார். பேனா கேட்டேன். "என் மகளுக்கும் பாண்டிக்கும் கல்யாணம் நடந்ததாகச் சொன்னது பொய்" என்று எழுதியிருந்த தாளை நானே படித்தேன். அடியில் என் பெயர். கடைசி எழுத்து கோட்டுக்கு வெளியே போய்விட்டது.

"வச்சிட்டுப் போங்க பெரியவரே" என்றார்.

வீட்டுக்கு வந்தால் மாரி அனுப்பியிருக்கிறாள். திங்கட்கிழமை ஒரு கம்பெனியில் வேலைக்கு நேரில் கூப்பிட்டிருக்கிறார்களாம். சேலையைப் பற்றி ஒன்றும் இல்லை. எத்தனை மணிக்கு என்று போடவில்லை. கேட்கலாமா என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.