நான் தப்பாகப் புரிந்துகொண்ட செல்

தங்கச்சி,

நேற்றுச் சாயங்காலம் உன் மகள் ஒரு புத்தகத்தோடு என் வீட்டுக்கு வந்தாள். என் கட்டைவிரல் தடிமன்கூட இல்லை. உங்கள் நாட்டுச் சண்டை முழுவதையும் அதற்குள் அடக்கி எழுதியிருக்கிறார்கள். மை வாசனைகூடப் போகவில்லை. நாலாவது வரை படித்தவள் நான், விரல் வைத்துத்தான் படிப்பேன். அதனால் அவளே பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினாள்.

நல்ல புத்தகம்தான், பொய் சொல்லக் கூடாது. பிழைக்க வந்த இந்த ஊரில், தேக்காச் சந்தைச் சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில் பதினோரு வருஷம் நாம் இரண்டு பேரும் வெங்காயம் உரித்தோம். நீ சொன்னதெல்லாம் துண்டு துண்டாகத்தான் வந்தது. ஆட்டுக்குட்டியில் தொடங்குவாய், முள்கம்பி முகாமுக்குத் தாவுவாய், திரும்பப் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடுவாய். எது முன்னே எது பின்னே என்று எனக்குப் பிடிபட்டதே இல்லை. புத்தகம் வரிசையாகச் சொல்கிறது. ஒரு படமும் போட்டிருக்கிறது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் நீரேரி, நடுவில் என் சுண்டுவிரல் அகலத்துக்கு மண். ராணுவம் அதன்மேல் குண்டு போட்டது என்றும் இருக்கிறது, தப்பி ஓடப் பார்த்தவர்களை உள்ளே துப்பாக்கி வைத்திருந்தவர்களே சுட்டார்கள் என்றும் இருக்கிறது. இரண்டாவதை நீ ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. முன்னாலேயே ஓடியிருக்கலாமே புள்ள என்று எத்தனை தடவை உன்னைக் கேட்டிருப்பேன். அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

நீ இருந்த இடமும் வந்தது. எறிகணை வீச்சில் பொதுமக்கள் பலர் இறந்தார்கள் என்று ஒரே வரி. அடுத்த வரியில் எந்த நாட்டு மந்திரியோ அறிக்கை விடுகிறார்.

எறிகணை என்றால் என்னவென்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அவள் கடைசிப் பக்கத்துச் சொல் பட்டியலைப் புரட்டினாள். எறிகணை என்று போட்டு, பக்கத்தில் ‘செல்’ என்று இருந்தது. அவள் விரல் அங்கேயே நின்றது.

“பெரியம்மா, பாட்டி செல் அடிச்சு செத்தாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க. போன் வந்துச்சு, பயத்துல நெஞ்சு நின்னுடுச்சுன்னு.”

ஆமாம், நான்தான் சொன்னேன். நீ வேலைக்கு வந்த முதல் மாதம், “அம்மா செல் அடிச்சுத்தான் செத்தவ” என்றாய். எங்கள் ஊர்ப்பக்கம் கைப்பேசியைத்தான் செல் என்போம். அடப் பாவமே, யார் பேசினது என்று கேட்டேன். நீ கத்தியைக் கீழே வைத்துவிட்டு, மூச்சு முட்டும் வரைக்கும் சிரித்தாய்.

“உங்கட செல் நல்ல செல் அக்கா. மணியடிக்கும். விருப்பமில்லாட்டி எடுக்காமலும் விடலாம்.”

அப்புறம்தான் சொன்னாய், உங்கள் ஊரில் பீரங்கிக் குண்டுக்குத்தான் செல் என்று பேர். பதுங்கு குழியைச் சுற்றி அடுக்கச் சாக்கு கிடைக்காமல், சேலைகளைப் பை பையாகத் தைத்து மண் நிரப்பினீர்கள். கடைசியில் உன் அம்மா தன் கல்யாணக் கூறைச் சேலையையும் வெட்டிக் கொடுத்தார். உன் தம்பிக்குக் கஞ்சி காய்ச்ச அவர் வெளியே ஏறிய நேரம் அது விழுந்தது. நீ தலை தூக்கியபோது அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. அம்மா மரத்தில் இருந்தார், தகரத்தில் இருந்தார், கஞ்சியில் இருந்தார். தம்பிக்குத் தொண்டையில் இரும்புத் துண்டு. உன் மடியில் கொஞ்ச நேரம் இரத்தக் குமிழியாக மூச்சு விட்டு அடங்கினான். நீ கூறைப் பையைக் கிழித்து மண்ணைக் கொட்டிவிட்டு, அம்மாவை அதில் பொறுக்கினாய். ஒரு கை கிடைக்கவில்லை. தேடுவதற்குள் அடுத்தது விழுந்தது. இரண்டு பேரையும் அந்தக் குழிக்குள்ளேயே இறக்கி, காலால் மண்ணைத் தள்ளிவிட்டு ஓடினாய்.

“காலால அக்கா. குனிஞ்சு கையால தள்ள நேரமில்லை.”

மற்றது எல்லாவற்றையும்விட அதுதான் உனக்குக் கடைசிவரை ஆறவில்லை.

உன் மகள் ஆறு வயதில் பாட்டி எங்கே என்று கேட்டபோது, வாய்க்கு வந்தது அந்தப் போன் கதைதான். நீயும் தலையாட்டினாய். அவளுக்கு அந்தச் செல்லே போதும், மற்றது வேண்டாம் என்றாய். ஆஸ்பத்திரியிலும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அதையே சொன்னாய். நானும் சரி என்றேன். நீ போய் இன்னும் இரண்டு மாதம்கூட முழுசாக ஆகவில்லை.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “சொல்லுங்க பெரியம்மா. இந்த புக்குல அம்மா எங்கயுமே இல்ல லா.”

சொல்லிவிட்டேன் தங்கச்சி. அடுப்பு, மரம், தம்பி, காலால் தள்ளியது, எல்லாவற்றையும். என்னை மன்னிப்பாயோ மாட்டாயோ. அவள் அழவில்லை. ஒன்றுதான் கேட்டாள்.

“அந்தச் சேலை என்ன கலர்?”

எனக்குத் தெரியவில்லை. பதினோரு வருஷம் உன் முழங்கை இடிக்க உட்கார்ந்திருந்தவள், கேட்கவே இல்லை. தம்பிக்கு எத்தனை வயது என்றும் கேட்கவில்லை. கூறை என்றால் சிவப்பாகத்தானே இருக்கும் என்று வாய்வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன். தெரியாதும்மா என்றேன்.

இன்று காலை வேலைக்குப் போகிற வழியில் சிராங்கூன் சாலைச் சேலைக்கடை வாசலில் நின்றுவிட்டேன். தொங்குகிற ஒவ்வொன்றாகப் பார்த்து, இதுவா, இதுவா என்று உன்னைக் கேட்டுக்கொண்டு.