இடது பக்கமே திரும்பிய குளிர்காலம்

நேற்று, நெடிய ஆலோசனைக்குப் பிறகு, கார் துடைக்கும் துணியை மாற்றுவதென முடிவெடுத்தேன். மனைவிக்கு முறைப்படி தெரிவித்து, மறுப்பு இருந்தால் மாலைக்குள் சொல்ல அவகாசமும் கொடுத்தேன். அவள் மறுக்கவில்லை. பழைய துணியைக் கடைசியாக உதறியபோது தையலுக்குள்ளிருந்து மணல் கொட்டியது. அது உன் பந்தயச் சட்டை.

நீ போனது மஞ்சள் காமாலையில், கட்டிலில். பந்தயத்துக்கு அதில் பங்கில்லை என்பதை உன்னிடம் தோற்றவர்கள்கூட ஒப்புக்கொண்டார்கள்.

வளைகுடாவில் நாம் வேலை பார்த்த ஃபஹாஹீலுக்கு வெளியே, வெள்ளிக்கிழமைகளில், மணல்மேடுகளில் மோட்டோகிராஸ் நடக்கும். மேடேறும் பைக் அந்தரத்தில் பறந்து இறங்கும். மூன்று குளிர்காலம் நீதான் சாம்பியன். ஒர்க்ஷாப்பில் நீ மெக்கானிக், நான் ஸ்பேர் பார்ட்ஸ் ஸ்டோரில். உன் வெற்றியில் எனக்கும் பங்குண்டு என்று சொல்லி வந்தேன். யாரும் மறுக்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை. "கட்டுமரத்துல நின்னு வளந்தவனுக்கு இது என்ன மக்கா" என்பாய். கட்டுமரம் உன் விலாவை முறித்ததில்லை. பைக் முறித்தது. ஒவ்வொரு முறையும் உன்னைக் கொண்டுபோனது ஃபர்வானியாவில் உன் மனைவி ஸ்டெல்லா நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரிக்குத்தான்.

மூன்றாவது கோப்பையோடு தோளெலும்பும் போன அன்று, ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் நின்று அவள் சொன்னாள்: "நாகர்கோவில்ல எனக்கு வேல ரெடியா இருக்கு. இனியும் இப்பிடின்னா, பிள்ளையக் கூட்டிட்டுப் போயிருவேன்."

"நாலு சக்கரம்னா கவிழாதுல்லா?" என்றாய்.

"கவுந்தா நாலும் மேல பாத்துக் கெடக்கும். அவ்வளவுதான்."

ஆனாலும் ஒரு சீசன் பொறுப்பதாக ஒத்துக்கொண்டாள். பக்கத்து நாட்டில் போர் நடந்து முடிந்த ஆண்டு அது. எங்களுக்கு உன் விவகாரம்தான் பெரிதாக இருந்தது.

பைக்கை விற்று ஸ்டாக் காருக்கு வந்தாய். சாதாரணப் பழைய கார். கண்ணாடியைக் கழற்றி, உள்ளே இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து, முட்டை வடிவப் பாதையில் இடது பக்கமே திரும்பித் திரும்பி ஓட்ட வேண்டும். பைக்கில் இடது வளைவுக்கு இடது காலை நீட்டிப் பழகியவன் நீ. காரிலும் நீட்டினாய். கதவில் இடித்து, முழங்கால் வீங்கி, நொண்டிக்கொண்டே இறங்கிய ஒரே ஓட்டுநர் நீதான். யாராவது உரசினால் கையைத் தூக்கி மன்னிப்பும் கேட்டாய். "பாய், சாரி மாஃபி! டக்கர் மாரோ!" என்று பிலிப்பினோ மெக்கானிக் கத்துவான். சாரியெல்லாம் கிடையாது, போய் இடி என்று அர்த்தம். சாம்பியனான நீ கடைசியாக வந்துகொண்டிருந்தாய்.

ஹெல்மெட்டும் சீட் வாரும் போட்டவனுக்குப் பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது. அதனால் தண்ணீர் டேங்கர் மேல் வாக்கி டாக்கியோடு நான் நிற்பேன். "வலது பக்கம் ஆள்" என்பேன். "தெரியும் மக்கா" என்பாய். அந்த ஆள் வந்து இடிப்பான்.

கடைசிப் பந்தயத்துக்கு ஸ்டெல்லா முதன்முதலாக வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு டேங்கர் மேல் ஏறி என் பக்கத்தில் நின்றாள். பாதி தூரத்தில், முன்னால் போன கார்கள் மோதிக்கொண்டன. தூசியில் ஒன்றும் தெரியவில்லை. நீ பைக் புத்தியில் வேகத்தைக் கூட்டினாய்.

"பிரேக்!" என்றேன்.

"தெரியும்."

அவள் வாக்கி டாக்கியைப் பிடுங்கினாள். "பிரேக்க மிதிங்க."

"யாரு பேசுறது?"

"யாரா இருந்தா என்ன, மிதிங்க!"

மிதித்தாய். தூசி அடங்கியபோது மூன்று கார்கள் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன. அவற்றின் ஓட்டுநர்கள் வெளியே வந்து மூன்று மொழிகளில் திட்டிக்கொண்டார்கள். நீ கொஞ்சம் பின்னால், முழுசாக நின்றிருந்தாய். "இப்ப இடது பக்கம் எடம் இருக்கு. மெதுவாப் போங்க" என்றாள், நோயாளியைக் கட்டிலிலிருந்து இறக்கும் குரலில். நான்காவதாக வந்தாய்.

இறங்கும்போது அவள் வாக்கி டாக்கியைத் திருப்பித் தராமல் என்னிடம், "அண்ணே, அடுத்த சீசனுக்கு இது எங்கிட்ட இருக்கட்டும்" என்றாள். என் பதவி அத்தோடு கலாஸ். அதன்பின் நீ "தெரியும்" என்று சொல்லி நான் கேட்டதில்லை.

இன்றும் பக்கத்தில் லாரி வந்தால், காரில் தனியாக இருந்தாலும், "வலது பக்கம் ஆள்" என்கிறேன்.

நாகர்கோவில் வேலைக்கு வேறொருவரை எடுத்துக்கொண்டார்கள். ஸ்டெல்லா ஃபர்வானியாவில்தான் டூட்டி பார்க்கிறாள்.